மாக்கோழி தரும் பாடம்

(சிங்கப்பெருமாள் கோயிலில் நடைபெற்ற மகாவீர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

சென்ற மாதம் நண்பன் வீட்டு விருந்துக்குச் சென்று திரும்பிய என் பேரன், "தாத்தா, இன்று சிக்கன் சாப்பிட்டேன். ஆனால் சோயாவில் செய்தது. பாவமில்லையே?" என்று கேட்டான். நான் கடிந்துகொண்டேன். அவன் முகம் வாடிற்று. பின்னர்த் தனித்திருந்து எண்ணியபோதுதான், அவன் கேள்விக்கு நான் விடையே கூறவில்லை என்பது புலப்பட்டது.

இக்கேள்வி நமக்குப் புதிதன்று. யசோதர காவியம் இதனை முன்பே ஆராய்ந்திருக்கிறது. தீக்கனவின் தீங்கு நீங்கத் தேவிக்கு உயிர்ப்பலி இடுமாறு தாய் சந்திரமதி வற்புறுத்துகிறாள். கொல்ல மனமில்லாத மன்னன் யசோதரன், இறுதியில் மாவினால் செய்த கோழியைப் பலியிட இசைகிறான். மாவில் உயிர் இல்லை, குருதி இல்லை. ஆயினும் தாயும் மகனும் மயில், நாய் முதலிய விலங்குப் பிறவிகளில் உழன்றனர் எனக் காவியம் கூறுகிறது. காரணம் யாது? வாள் வெட்டியது மாவை. உள்ளம் வெட்டியது கோழியை. புறத்தே நிகழும் கொலையைத் திரவிய ஹிம்சை என்றும், எண்ணத்தில் நிகழ்வதைப் பாவ ஹிம்சை என்றும் நம் ஆசாரியர்கள் பிரித்துக் காட்டியது இதனால்தான்.

அவ்வாறாயின், இன்று கடைகளில் விற்கும் சோயா இறைச்சி யாவும் மாக்கோழிதானா? அன்று. யசோதரன் கொலைச் சடங்கை நிறைவேற்ற மாவை எடுத்தான். புலாலுண்டு வளர்ந்த ஒருவரோ, கொலையைக் கைவிடுவதற்காகச் சோயாவை எடுக்கிறார். பொருள் ஒத்திருப்பினும் நோக்கம் நேர்மாறானது. அவரை நாம் நகைத்தல் தகாது. பாதாம் பால் அருந்துவோர் கன்றின் பசியை எண்ணுகின்றனர். பசும்பால் அருந்தும் நாம் அதனை எத்தனை நாள் எண்ணினோம்?

விலங்கிலிருந்து பெற்ற எப்பொருளும் வீகன் உணவில் கலத்தலாகாது என 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் விதிமுறை வந்தது. விதி பொருளைச் சோதிக்கும். உண்பவர் எண்ணத்தைச் சோதிக்க விதியால் இயலாது. அது நம் கடமை.

நம் இல்லங்களில் மீல்மேக்கர் குழம்பு புதிதன்று. அதனைப் பயறாகவே எண்ணி உண்கிறோம். அதையே கோழிக்காலின் வடிவில், கோழியின் பெயரால், ஊனையே அறியாத குழந்தைக்கு ஊட்டினால், 'ஊன் சுவையானது. நமக்கு மட்டும் மறுக்கப்பட்டது' என்ற ஏக்கம் அதன் உள்ளத்தில் முளைக்கக்கூடும். புலாலை விட்டவருக்கு இறங்குபடியாக உதவுவது, நம் பிள்ளைகளுக்கு ஏறுபடியாகிவிடலாகாது.

ஆகவே என் பேரனிடம் இப்போது இவ்வாறு கூறுவேன்: "கண்ணு, நீ எந்த உயிரையும் கொல்லவில்லை. தாத்தா கடிந்தது தவறு. ஆனால் உண்ணும்போது உன் மனம் எதை விரும்பியது என்று நீயே பார்த்துக்கொள்."

பெரியோர்களே, பிள்ளைகள் இவ்வாறு கேட்டால் சினவாதீர்கள். கேட்பதே அறத்தின் விழிப்பு. அன்றிரவே அவர்களுக்கு யசோதரன் கதையைச் சொல்லுங்கள்.

ஜினதர்மம் வாழ்க! ஜெய் ஜினேந்திரா.