எங்கோ கொட்டிய பனி, நம் அடுப்பில் ஏறிய விலை!

(குளத்தூரில் நடைபெற்ற வணிகர் – இளைஞர் சந்திப்புக் கூட்டத்தில் மாவட்ட அமைப்பாளரான மௌலவி ஆற்றிய உரை)

    

மேடைக்கு வருவதற்கு முன்னால் கடைவீதியில் ஒரு டீ குடித்தேன். கடைக்காரர் நமக்கு வேண்டியவர். கிளாஸை நீட்டிக்கொண்டே கேட்டார்: "ஹஜ்ரத், உங்க மேடையில எல்லாம் பேசுறீங்க. இந்தக் கேஸ் வெலை எதுக்கு ஏறுது, எதுக்கு எறங்குதுன்னு ஒரு நாளாவது பேசியிருக்கீங்களா?"

நியாயமான கேள்வி. தயாரித்து வந்த தலைப்பை ஓரமாக வைத்துவிட்டு, அவருக்குப் பதில் சொல்லவே இன்றைக்கு நிற்கிறேன்.

குளிருக்கும் விலைக்கும் என்ன உறவு?

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நம் மாசிப் பனிக்கு ஒரு போர்வை போதும். உலகின் வடபகுதி அப்படியில்லை. அங்கே வீட்டைச் சூடாக வைக்காவிட்டால் உயிர் போய்விடும். சூட்டுக்கு எரிவாயு வேண்டும். குளிர் முடியப்போகும் நேரத்தில் சேமிப்புக் கிடங்குகள் காலியாகிக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்து இன்னொரு குளிர் அலை அடித்தால் விலை கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும்.

2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இதுதான் நடந்தது. அந்த நாட்டிலேயே அதிகமாக எரிவாயு எடுக்கும் மாநிலம் அது. பனிப்புயலில் கிணறுகளும் குழாய்களும் உறைந்தன. மின் நிலையங்களுக்கு வாயு போகவில்லை. லட்சக்கணக்கான வீடுகள் இருட்டில் கிடந்தன. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். மொத்தச் சந்தையில் 3 டாலர் அளவில் விற்ற வாயு, சில இடங்களில் நூறு மடங்குக்கும் மேல் விலை போனது. வாயு விளைகிற மண்ணிலேயே இந்தக் கதி என்றால், இறக்குமதியை நம்பி அடுப்பு மூட்டுகிறவர்களின் நிலையைச் சிந்தித்துப் பாருங்கள்!

நம் சிலிண்டரில் இருப்பது புரோப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. டெக்சாஸ் குழாயில் ஓடிய இயற்கை எரிவாயுவும் இதுவும் ஒன்றல்ல. ஆனால் இரண்டுக்கும் குளிர்தான் கிராக்கி. இந்தியா பயன்படுத்தும் சமையல் எரிவாயுவில் பாதிக்கும் மேல் வெளிநாட்டுச் சரக்கு. பெரும்பகுதி வளைகுடா நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. சவூதி அராம்கோ நிறுவனம் மாதந்தோறும் அறிவிக்கும் விலைதான் அதற்கு அளவுகோல். அதோடு டாலர் மதிப்பு, கப்பல் வாடகை எல்லாம் சேரும்.

2023ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 22 அன்று சீனாவின் வடகோடியில் மோஹே என்ற ஊரில் மைனஸ் 53 டிகிரி குளிர். கொரியா, ஜப்பானிலும் கடுங்குளிர். குளிர்காலக் கிராக்கியும் சரக்குத் தட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, ஜனவரியில் டன்னுக்கு 590 டாலராக இருந்த சவூதி புரோப்பேன் விலை பிப்ரவரியில் 790 டாலர் ஆயிற்று. மார்ச் 1ஆம் தேதி அந்தச் சூடு நம் கடைவீதிக்கு வந்தது. 19 கிலோ வர்த்தக சிலிண்டர் ஒரே நாளில் 350 ரூபாய் 50 காசு ஏறியது. சென்னை விலை 2268 ரூபாய்! வீட்டு சிலிண்டர் 50 ரூபாய் ஏறி 1118 ரூபாய் 50 காசு. ரமலான் பிறக்க மூன்று வாரம்தான் இருந்தது. கஞ்சி காய்ச்சும் பள்ளிவாசல், சமோசா போடும் பெட்டிக்கடை, இரண்டு மேசை போட்ட சின்ன ஓட்டல் எல்லாம் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்த மாதம் அது.

ஏறியது தெரியும், இறங்கியது தெரியுமா?

இதுவரை நான் சொன்னதில் உங்கள் கையிலும் என் கையிலும் எதுவும் இல்லை. சீனாவில் குளிர் அடிப்பதை நாம் தடுக்க முடியாது. இனிமேல் சொல்லப்போவது நம் கையில் இருப்பது. கசக்கும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெல்லி விலையைச் சொல்கிறேன். வர்த்தக சிலிண்டர் 2023 பிப்ரவரியில் 1769 ரூபாய். மார்ச்சில் 2119 ரூபாய் 50 காசு. ஏப்ரலில் 2028. மேயில் 1856 ரூபாய் 50 காசு. ஜூனில் 1773. மூன்றே மாதத்தில் ஏறியது எல்லாம் ஏறக்குறைய இறங்கிவிட்டது! மார்ச்சில் விலை ஏற்றிய நம் கடைகளில் ஜூனில் இறக்கியது எத்தனை கடை?

ஒரு கணக்குப் போடுவோம். மாதம் 8 சிலிண்டர் எரிக்கும் கடை. நாளைக்கு 300 டீ. மாதத்துக்கு 9000 டீ. சிலிண்டருக்கு 350 ரூபாய் 50 காசு ஏறினால் மாதம் 2804 ரூபாய் கூடுதல் செலவு. ஒரு டீக்கு எவ்வளவு வருகிறது? 31 காசு! நாம் ஏற்றுவது இரண்டு ரூபாய், மூன்று ரூபாய். "சில்லறை கிடைக்காது ஹஜ்ரத்" என்பீர்கள். சரி, ஒரு ரூபாய் ஏற்றுங்கள். பால் ஏறியதா, சர்க்கரை ஏறியதா, அதையும் கணக்கில் எழுதுங்கள். கேஸ் விலையைக் காரணமாகச் சொல்லி ஏற்றினால், கேஸ் இறங்கும்போது இறக்கவும் வேண்டாமா? ஏறும்போது அராம்கோவைக் காட்டுகிறோம், இறங்கும்போது வாய் திறப்பதில்லை. இதற்கு வியாபாரம் என்றா பெயர்?

மதீனாவில் பண்டங்கள் விலை ஏறியபோது விலையை நிர்ணயிக்கும்படி மக்கள் கேட்டதும், பெருமானார் (ஸல்) அவர்கள் அதற்கு இணங்காததும் நமக்குத் தெரியும். தட்டுப்பாட்டால் தானாக ஏறும் விலைக்கு வியாபாரியைத் தண்டிக்கக் கூடாது. அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம். அதே மார்க்கம் பதுக்கலைப் பாவம் என்று சொன்னதை மட்டும் மறந்துவிடுகிறோம். பதுக்கல் என்பது உணவுப் பொருளுக்குத்தான் என்றார்கள் சில இமாம்கள். எதைத் தடுத்து வைத்தால் மக்களுக்குத் துன்பமோ அதெல்லாம் பதுக்கல்தான் என்றார்கள் இமாம் அபூயூசுப். அரிசி இருந்தும் அடுப்பு எரியாத வீட்டில் பிள்ளைக்கு என்ன சோறு? அபூயூசுப் இமாமின் சொல் இன்றைய சிலிண்டருக்கு அளந்து தைத்த சட்டை!

என் தலையில் விழுந்த குட்டு

மற்றவர்களைச் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன். 2023 மார்ச்சில் வேறோர் ஊரில் நம் கூட்டம் ஒன்று. 300 பேருக்குச் சாப்பாடு. வர்த்தக சிலிண்டர் விலையைக் கேட்டதும் நம் பிள்ளைகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கூடக் காசு கொடுத்து வீட்டு சிலிண்டர் ஐந்து வாங்கி வந்தார்கள். எனக்குத் தெரியும். தெரிந்தே பேசாமல் இருந்தேன். பிரியாணி மணத்தது, நானும் சாப்பிட்டேன்.

மறுநாள் ஒரு சகோதரி வீட்டுக்குப் போனேன். கணவனை இழந்தவர், தையல் மிஷின் மிதித்து இரண்டு பெண் பிள்ளைகளை வளர்க்கிறார். கொல்லையில் கருவேல முள்ளை வைத்து ஊதிக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. "பதிஞ்சு பத்து நாளாச்சு காக்கா, லோடு வரலைங்கிறாங்க" என்றார். லோடு வந்திருந்தது சகோதரர்களே! அதில் ஐந்து நம் அண்டாவுக்கு அடியில் எரிந்து முடிந்திருந்தது. அந்த ஐந்தில் ஒன்று அவருடையதா என்று என்னால் சொல்ல முடியாது. இல்லை என்றும் என்னால் சத்தியம் செய்ய முடியாது. அன்றிலிருந்து என் பொறுப்பில் நடக்கும் கூட்டங்களுக்கு வீட்டு சிலிண்டர் வருவதில்லை.

வீட்டு சிலிண்டரைக் கடையில் எரிப்பது, 2000ஆம் ஆண்டின் எரிவாயு வழங்கல் ஒழுங்குமுறை ஆணைப்படி, அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின்கீழ் குற்றம். போலீஸ் வருவதும் வராததும் வேறு விஷயம். நம் கடை அடுப்பில் எரிவது இன்னொரு வீட்டின் அடுப்பு.

கடல் கடந்த பாடம்

நம் மாவட்டத்தில் இலங்கையோடு தொடர்புள்ள குடும்பங்கள் உண்டு. அவர்களைக் கேளுங்கள். அங்கே குளிரால் வந்த தட்டுப்பாடு இல்லை. கப்பலுக்குக் கொடுக்க டாலர் இல்லாத தட்டுப்பாடு. 1493 ரூபாயாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் 2021 அக்டோபரில் 2675 ஆயிற்று. 2022 ஏப்ரலில் 4860. அந்த விலைக்கும் கிடைக்காமல் காலி சிலிண்டரை வரிசையில் வைத்துவிட்டு மக்கள் ராப்பகலாகத் தெருவில் காத்துக் கிடந்தார்கள். தட்டுப்பாடு எந்த வாசல் வழியாக வந்தாலும் முதலில் உதைப்பது ஏழை வீட்டுக் கதவைத்தான்.

"நம் மாவட்டத்து மண்ணுக்கடியிலேயே வாயு இருக்கிறதே, நெடுவாசலில் ஏன் தடுத்தார்கள்?" என்று ஒரு தம்பி கேட்டார். 2017 பிப்ரவரியில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் விவசாயிகள் உட்கார்ந்தபோது அவர்கள் காக்க நினைத்தது நிலத்தடி நீரை, நெல்லை, தென்னையை. சோற்றை அழித்துச் சோறாக்கும் நெருப்பை வாங்க முடியாது தம்பி. அதே நேரத்தில், தோண்ட மாட்டோம் என்றால் இருப்பதைச் சிக்கனமாகவும் நேர்மையாகவும் பங்கிட வேண்டிய பொறுப்பு நமக்கு இரட்டிப்பாகிறது.

செய்ய வேண்டியது என்ன?

ஒன்று: கடைக்கு வர்த்தக சிலிண்டர், வீட்டுக்கு வீட்டு சிலிண்டர். நம் கல்யாணங்களுக்கும் கந்தூரிகளுக்கும் கூட்டங்களுக்கும் இதே சட்டம்.

இரண்டு: ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி வர்த்தக சிலிண்டர் விலை மாறுகிறது. அந்த விலையைக் கடைவீதிப் பலகையில் எழுதுவது இளைஞர்களின் வேலை. ஏறியதை எழுதுவது போலவே இறங்கியதையும் எழுதுங்கள்! வாடிக்கையாளரும் பார்க்கட்டும், வியாபாரியும் பார்க்கட்டும்.

மூன்று: பில்லில் உள்ள தொகைதான் விலை. சிலிண்டரை வாசலிலேயே எடை போடச் சொல்லுங்கள். காலி எடை சிலிண்டரின் கழுத்துப் பகுதியில் எழுதியிருக்கும். அதோடு வீட்டு சிலிண்டருக்கு 14.2 கிலோ சேர்ந்து வர வேண்டும். படிக்காத தாய்மார்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள்.

நான்கு: வீட்டு சிலிண்டருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், வர்த்தக சிலிண்டருக்கு 18 சதவீதம். பன்னாட்டு ஓட்டலும் பெட்டிக்கடையும் ஒரே விலைப் பட்டியலில் நிற்கின்றன. சிறு வணிகருக்கு வரியைக் குறைக்கும்படி எல்லா சமுதாய வணிகர்களையும் சேர்த்துக்கொண்டு மனுக் கொடுப்போம். நேர்மையாக வர்த்தக சிலிண்டர் வாங்குகிறவனுக்குத்தான் இதைக் கேட்க வாய் உண்டு!

ஐந்து: ஒவ்வொரு மஹல்லாவிலும் பைத்துல்மாலில் நாலு சிலிண்டருக்கான தொகையைத் தனியாக ஒதுக்குங்கள். தட்டுப்பாடு வரும் மாதத்தில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று பாருங்கள். அந்த வீட்டில் என்ன மதம் என்று பார்க்காதீர்கள்.

டீக்கடைச் சகோதரர் கடையைச் சாத்திவிட்டுப் பின்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு என் பதில் இவ்வளவுதான்: விலை ஏறுவது எங்கோ பனி கொட்டுவதால். ஏறிய விலை இறங்காமல் நிற்பது நம்மால். பனிக்கு நாம் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்லாவுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வல்ல இறைவன் நம் சம்பாத்தியத்தைத் தூய்மையாக்கி வைப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.