நான்கு பக்கக் கட்டுரை
(நூற்றாண்டு விழா உரை)



செங்கலடியில் பிறந்த குழந்தையின் படம் அடுத்த நிமிடமே கனடாவிலுள்ள அம்மம்மாவின் கைபேசிக்குப் போய்விடுகிறது. வைத்தியர்களாகிய நாங்களும் எக்ஸ்ரேயைப் படமெடுத்து அனுப்பி நிபுணரிடம் அபிப்பிராயம் கேட்கிறோம். இவ்வளவு பெரிய படம் சுருங்கிப் போவதற்கு ஒரு கணிதமே காரணம். அது படத்தைச் சிறு சதுரங்களாக்கி, ஒவ்வொன்றையும் அலைகளாகப் பிரித்துக் காட்டும். கண் கவனிக்காத நுண்ணலைகளைக் கழித்துவிடலாம்.

பெங்களூரில் பிறந்த நசீர் அகமட் 1972இல் இதனை ஆராய அமெரிக்காவின் தேசிய விஞ்ஞான மன்றத்திடம் நிதி கேட்டார், கிடைக்கவில்லை. யோசனை மிக எளிதாக இருக்கிறதென்று மதிப்பீட்டாளர் ஒருவர் கருதினாராம். அவர் விடவில்லை. ஆய்வு மாணவர் நடராஜனுடனும் கே. ஆர். ராவுடனும் சேர்ந்து 1974 ஜனவரியில் வெளியிட்ட கட்டுரை நான்கே பக்கம். ஆயிரக்கணக்கான ஆய்வுகள் அதை மேற்கோள் காட்டிவிட்டன. 1992இல் வந்த ஜேபெக் படமுறைக்கும் அதுவே அடிப்படை.

ஆனால் படம் அனுப்பும் நாங்கள் எவரும் அவர்களை மேற்கோள் காட்டுவதில்லை. அந்தப் பயன் எந்தக் கணக்கிலும் ஏறாது.

எங்கள் பாடசாலைப் பிள்ளைகளும் எளிய கேள்விகளோடுதான் எழும்புகிறார்கள். அவர்களை இருத்திவிடாமல், எந்த நாட்டிலிருந்தாலும் நேரம் ஒதுக்கிக் கேட்போம், சகோதரிகளே.