நம் பீரோவில் இருக்கும் குடும்ப வரலாறு

(ஆரணியில் நடந்த ஆசிரியர் கூட்டம் ஒன்றில், அரசுப் பள்ளிச் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உள்ளூர் வரலாறு பற்றிப் பேசச் சொன்னார்கள். ஆரணியில் அதற்குப் பஞ்சமே இல்லை. 1751-ல் கிளைவ் இங்கே சண்டை போட்டார். 1782-ல் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் மறுபடி இங்கேயே மோதின. சத்தியவிஜயநகரத்தில் ஜாகீர்தார் அரண்மனை நிற்கிறது. பட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இவை எதையும் நான் பேசப் போவதில்லை. ஒரு சாதாரண விவசாயக் குடும்பத்தின் கதையை எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் காகிதங்களை வைத்துத் தேடிய விதத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

எட்டாம் வகுப்பு வரலாற்றில் ‘கிராம சமூகமும் வாழ்க்கை முறையும்’ என்று ஒரு பாடம் வருகிறது. ரயத்துவாரி என்றால் என்ன என்று கேட்டால் பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். விவசாயியிடம் அரசே நேரடியாக வரி வாங்கியது, தாமஸ் மன்றோ, இத்யாதி. “சரி, உங்க வீட்ல பட்டா இருக்கா?” என்று கேட்டேன். “இருக்கு சார், பெட்டியில.” அந்தப் பட்டாதான் ரயத்துவாரியின் மிச்சம் என்றதும் வகுப்பு கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஒரு பையன் வீட்டில் முழுமனதோடு சம்மதித்தார்கள். அவன் குடும்பத்தையே எடுத்துக்கொண்டோம். பின்னோக்கிப் போவதுதான் இதில் வழி. தாத்தாவுக்குத் தாத்தா யார் என்று தொடங்கினால் கதைதான் கிடைக்கும். இன்றைய பட்டாவில் தொடங்கினால் அடுத்த காகிதத்துக்கு அதுவே வழி சொல்லும்.

இன்றைய பட்டாவை இணையத்தில் எடுத்தோம். மூன்று பேர் பெயரில் கூட்டுப் பட்டா, பரப்பு ஹெக்டேரில். அவன் தாத்தாவோ ஏக்கர், செண்ட் என்றுதான் பேசுகிறார். அவருடைய அப்பா ‘காணி’ என்பாராம். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர், ஒரு காணி 1.32 ஏக்கர். கணக்கு டீச்சர் ஒரு பாடவேளை கடன் கொடுத்தார், மூன்று தலைமுறை அளவையும் பிள்ளைகள் மாற்றிப் பார்த்துவிட்டார்கள்.

அடுத்தது வில்லங்கச் சான்று. பதிவுத்துறை இணையதளத்தில் 1975 முதல் பார்க்கலாம். நிலம் வாங்குபவர்கள் மட்டும் பார்க்கிற காகிதம் என்று நாம் நினைக்கிறோம். எனக்கு அது ஒரு குடும்பத்தின் நாட்குறிப்பு மாதிரித்தான் தெரிகிறது. பையனின் குடும்பத்தில் முதல் பதிவு, கிணறு வெட்ட நிலவள வங்கிக்கு நிலத்தை ஈடு வைத்தது. அப்புறம் பாகப்பிரிவினை. அப்புறம் ஒரு துண்டு கிரயம். அப்புறம் இன்னொரு துண்டு. வரிசையாகப் படித்தாலே கதை தெரிந்துவிடுகிறது. ஆனால் ஏன் விற்றார்கள் என்பது அதில் இருக்காது. பத்திரத்தில் இருக்கும். “என் குடும்பச் செலவுக்காகவும் மகள் கல்யாணத்துக்காகவும்” என்கிற மாதிரி எழுதுகிற வழக்கம் நம் ஆவண எழுத்தர்களிடம் உண்டல்லவா? மிச்சத்தைத் தாத்தா சொன்னார். “கிணறு வத்திப் போச்சு, இன்னும் ரெண்டு ஆள் ஆழம் எறக்கினோம், அதுவும் வத்திப் போச்சு. அப்புறம் வீட்டுக்குள்ள குழி வெட்டித் தறி போட்டோம்.” ஆரணியைச் சுற்றியுள்ள பல ஊர்களின் ஐம்பது ஆண்டு வரலாறு இந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

பழைய பத்திரங்களில் சக்குபந்தியைக் கவனியுங்கள். கிழக்கே இன்னார் கழனி, மேற்கே இன்னார் கொல்லை, வடக்கே ஏரிக் கால்வாய் என்று நான்கு பக்கமும் எழுதியிருப்பார்கள். சொந்தப் பத்திரம் தொலைந்துபோனாலும் பக்கத்துக் கழனிக்காரர் பத்திரத்தில் நம் கொள்ளுத்தாத்தா எல்லையாக நின்றுகொண்டிருப்பார். பையனின் கொள்ளுத்தாத்தா பெயர் அப்படித்தான் கிடைத்தது, பக்கத்து வீட்டு டிரங்குப் பெட்டியில், ஜார்ஜ் மன்னர் தலை அச்சிட்ட முத்திரைத்தாளில்.

கிராம நிர்வாக அலுவலர் பழைய அடங்கலில் சில பக்கங்களைக் காட்டினார். எந்தப் புல எண்ணில் என்ன பயிர், எந்தப் பாசனம் என்பதெல்லாம் அதில் உண்டு. ஆண்டு பசலியில் இருக்கும். பசலி ஆண்டு ஜூலை 1-ல் பிறக்கும். 590-ஐக் கூட்டினால் நமக்குத் தெரிந்த ஆண்டு வந்துவிடும். பசலி 1360 என்றால் 1950 ஜூலை முதல் 1951 ஜூன் வரை. கேழ்வரகு இருந்த புலத்தில் பிறகு வேர்க்கடலை வருவதையும், கிணறு வந்த பின் கரும்பு வருவதையும் பிள்ளைகள் விரல் வைத்துப் பார்த்தார்கள்.

இங்கே மூன்று ஆண்டுகளை மனதில் வையுங்கள். ஆரணி ஜாகீராக இருந்த ஊர்களில் 1948-ன் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் ரயத்துவாரி பட்டா வருகிறது. அதற்கு முந்தியது ஜாகீர் கணக்கு. அதைத் தேடுவது பள்ளிப் பிள்ளைகளால் ஆகிற வேலை இல்லை. 1980 நவம்பரில் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. கணக்கு எழுதிய கை மாறிய இடம் அது. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம், அதாவது எல்லோரும் யுடிஆர் என்கிறோமே, அதில் பெயர்களும் எண்களும் மாறின. எதுவும் பொருந்தவில்லை என்றால் முதலில் யுடிஆருக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள்.

இவ்வளவு காகிதத்திலும் பெண் பெயர் ஒன்றுகூட இல்லை. 1980-களின் பாகப்பிரிவினையில் மூன்று மகன்கள் மட்டும். முதல்முதலாக ஒரு பெண் வருவது 1990-களின் விடுதலைப் பத்திரத்தில். பையனின் அத்தைப்பாட்டி, தன் பங்கை அண்ணன் தம்பிகளுக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். 1989-ல் தமிழ்நாட்டில் மகளுக்கும் பரம்பரைச் சொத்தில் சம உரிமை தந்த சட்டத் திருத்தம் வந்தது. ஏற்கனவே மணமானவர்களுக்கு அது பொருந்தாது என்றாலும், பின்னால் சிக்கல் வேண்டாமென்று பல குடும்பங்களில் அவர்களிடமும் எழுதி வாங்கினார்கள். உரிமை வந்ததால்தான் அவர் பெயர் காகிதத்துக்கு வந்தது. வந்ததோ அந்த உரிமையை விடுவதற்காக. இதை வகுப்பில் நான் விளக்கவில்லை. ஒரு பெண்பிள்ளையே கேட்டுவிட்டாள், “விட்டுட்டேன்னு எழுதறதுக்குத்தான் சார் பேர் கேப்பாங்களா?”

அந்த வாரத்தில்தான் இன்னொரு மாணவி என்னிடம் வந்தாள். “எங்களுக்கு நிலமே இல்ல சார். பட்டா இல்ல, பத்திரம் இல்ல. நான் எதைப் பாத்து எழுதறது?” அவள் குடும்பமும் விவசாயக் குடும்பம்தான். நான்கு தலைமுறையாக நாற்று நட்டவர்கள், அறுத்தவர்கள், அடுத்தவர் கழனியில். வருவாய்த்துறை ஆவணம் நிலத்தைப் பற்றியது, யார் வரி கட்ட வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது. அதில் உழைத்தவரைத் தேடினால் கிடைக்க மாட்டார். “வீட்டில் பெரியவர்களைக் கேட்டு எழுது” என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் மற்றவன் கையில் முத்திரைத்தாளும் இவள் கையில் வெறும் வாய்ப்பேச்சும் என்றால், எது வரலாறு என்று அந்த வகுப்பு முடிவு செய்யும்? உங்களுக்கே தெரியும்.

பக்கத்து வளாகத்தில் ஒன்றியத் தொடக்கப் பள்ளி. அதன் தலைமையாசிரியையிடம் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். பீரோவின் அடித்தட்டிலிருந்து எடுத்தார். ஓரம் கொஞ்சம் செல்லரித்திருந்தது, எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மாணவியின் பாட்டி அந்தப் பள்ளியில்தான் சேர்ந்தாராம். 1962 ஜூன் பக்கத்தில் இருந்தார்! பெயர், தகப்பனார் பெயர், தொழில் என்ற கலத்தில் ‘கூலி’, தெரு. நீங்கிய ஆண்டு 1965, மூன்றாம் வகுப்பு. காரணம், ‘நீண்ட நாள் வராமை’.

பிறந்த தேதி ஜூன் 1. இங்கே சிரிப்பவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்கிறது. அந்தக் காலத்துப் பாதிப் பிள்ளைகளை ஜூனில் பிறக்க வைத்தவர்கள் நம் முன்னோடித் தலைமையாசிரியர்கள்தான். எல்லா ஆவணத்தையும் நம்பலாமா என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

தலைமையாசிரியை அந்த ஒரு வரியை மட்டும் பார்த்து எழுதிக் கொடுத்தார். மாணவி அதை வீட்டுக்குக் கொண்டுபோனாள். மறுநாள் பாட்டியே பள்ளிக்கு வந்துவிட்டார். தன் பெயர் எங்கே என்று காட்டச் சொன்னார். காட்டினோம். விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். “வராம எங்க சார் போனேன்? தம்பி பொறந்துட்டான். அவன இடுப்புல வெச்சிக்கிட்டு வாசல் வரைக்கும் வருவேன். உள்ள வுட மாட்டாங்க.”

பதிவேட்டின் சொல்லும் பாட்டியின் சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும் என்றேன். மாணவி அப்படியே எழுதினாள். பிறகு அவள் வீட்டிலிருந்து இன்னொரு காகிதமும் வந்தது. இலவச வீட்டுமனைப் பட்டா, பாட்டியின் பெயரில். பட்டாவே இல்லை என்றவள் வீட்டுப் பட்டா பெண் பெயரில் இருந்தது. நிலம் வைத்திருந்த பையன் வீட்டில் அது இல்லை.

அதன் பின் அந்தப் பதிவேட்டின் தொழில் கலத்தை மட்டும், பெயர்களை மறைத்து, பிள்ளைகளுக்காக ஆண்டுவாரியாகப் பட்டியலிட்டோம். முன்பக்கங்களில் ‘பயிர்த்தொழில்’, ‘கூலி’. 1980-களில் ‘நெசவு’ எட்டிப் பார்க்கிறது, 1990-களில் பக்கம் முழுக்க ‘நெசவு’. அதற்கும் பின்னால் ‘கம்பெனி வேலை’, ‘டிரைவர்’. பையனின் தாத்தா சொன்ன வற்றிய கிணறு இங்கே வேறு வழியாக வந்து சேர்ந்தது.

இந்த மாதிரி வேலை நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் தன் மாணவர்களிடம் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் அவரவர் ஊரை ஆராயச் சொன்னார். 1918-ல் புத்தகமாக வந்தது. அதில் ஓர் ஊர், நம் மாவட்டத்துத் தூசி. 1930-களில் பி.ஜே. தாமசும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறுபடி ஆய்வு செய்தார்கள். ராந்தத்தில் 1973-74-ல் தங்கி ஆராய்ந்த ஜான் ஹாரிஸ் 1982-ல் நூல் எழுதினார். பார்பரா ஹாரிஸ்-வொயிட் 1973-லிருந்தே ஆரணியை ஆராய்ந்தவர். நாற்பது ஆண்டு மாற்றங்களைப் பற்றிய தொகுப்பு 2016-ல் வந்தது. கேம்பிரிட்ஜிலும் ஆக்ஸ்போர்டிலும் நம் ஊரைப் படித்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் படிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக 1,52,184 பேர் கப்பலேறினார்கள். பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள். வட ஆற்காடு ஜில்லாக்காரர்கள் அதில் ஏராளம். அந்தக் கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், தாலுகா, ஜில்லா, உடல் அடையாளம் என்று கலங்கள் உண்டு. நம் சேர்க்கைப் பதிவேட்டையும் மாற்றுச் சான்றிதழையும் நினைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே கலங்கள்! தென்னாப்பிரிக்காவில் இருக்கிற கொள்ளுப்பேரர்கள் அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டுதான் இன்றும் ஊர் தேடுகிறார்கள். நிலமில்லாதவர்களுக்கு அங்கேயும் கிடைத்தது ஒரு வரிதான்.

செய்ய விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பதிவேட்டைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். சாதிக் கலம் இருக்கிறது, மற்றவர் குடும்பங்களும் இருக்கின்றன. அந்தந்தக் குடும்பத்தின் வரியை மட்டும் நாமே எழுதிக் கொடுப்போம், குடும்பத்தின் சம்மதத்தோடு. நில ஆவணம் என்றால் புல எண்ணை மறைத்துவிடுங்கள். பங்காளித் தகராறு இருக்கிற வீட்டை எடுக்கவே எடுக்காதீர்கள். யாருக்கு எவ்வளவு சேர வேண்டும் என்பது நம் வகுப்பின் வேலை இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும், பெற்றோருக்கும்தான்.

வாக்குச்சாவடி நிலை அலுவலராக வீடு வீடாகப் போன அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. எந்தத் தெருவில் எந்தப் பெரியவரைக் கேட்டால் மூன்று தலைமுறை சொல்வார் என்பது நமக்குத் தெரியும். அந்தப் பட்டியலை வகுப்புக்குக் கொடுங்கள்.

கிழிந்த பக்கத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். தரையை ஒட்டிய தட்டிலிருந்து மேல் தட்டுக்கு மாற்றி, வருடம் இரண்டு முறை திறந்து காற்றாட விட்டாலே செல் அண்டாது. தலைமையாசிரியர் அனுமதியோடு பக்கம் பக்கமாகப் படம் எடுத்துப் பள்ளிக் கணினியில் மட்டும் வையுங்கள். எமிஸில் இன்றைய பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய பாட்டிகள் இதில்தான் இருக்கிறார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் பள்ளியின் மிகப் பழைய சேர்க்கைப் பதிவேடு எந்த ஆண்டில் தொடங்குகிறது என்று பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள். அதில் முதல் பெண்பிள்ளை எத்தனையாவது வரியில் வருகிறாள் என்பதையும் சேர்த்து.