36 படங்களில் ஒரு சுற்று



ஒரு பொருளைச் சுழல்தட்டின் மேல் வைக்கிறோம். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு புகைப்படம் எடுக்கிறோம். அந்தப் படங்களை ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் போன்ற மென்பொருளில் வரிசையாக ஓடவிட்டால் பொருள் தானே சுழல்வதுபோலத் தெரிகிறது. நகைக்கடை விளம்பரத்திலும் கைக்கடிகார விளம்பரத்திலும் இதை எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். இப்போது அந்த வேலைக்குப் பலரும் த்ரீடி மாடலையே நாடுகிறார்கள். புகைப்பட வரிசையா, அது பழைய முறை ஆயிற்றே என்று தொழிலில் இருப்பவர்களே ஒதுக்கிவிடுவதும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த முறைக்கென்று ஒரு தனி வலு இருக்கிறது. மென்பொருளின் வசதிகளை அளவுக்கு மேல் நம்பும்போதுதான் அந்த வலு போய்விடுகிறது.

பழைய முறை என்பது மட்டும் உண்மை. 1865-ஐ ஒட்டி, பாரிஸில் ஃபெலிக்ஸ் நதார் என்ற புகைப்படக்காரர் தன்னையே 12 படங்கள் எடுத்துக்கொண்டார். பலூனில் ஏறிப் பறந்து, மேலிருந்து ஊரைப் படமெடுத்தவர் அவர். முகம், பக்கவாட்டு, பிடரி, மறுபக்கம் என்று 12 படங்களில் ஒரு முழுச் சுற்று. இன்று அவற்றை அடுத்தடுத்து ஓட்டினால் கோட்டு போட்ட அந்த மனிதர் நம் முன்னால் சுழல்கிறார். சினிமா பிறப்பதற்கு 30 ஆண்டுகளுக்கு முந்தைய படங்கள் இவை. அதே காலத்தில் அதே பாரிஸில் ஃபிரான்சுவா வில்லெம் என்ற சிற்பி வேறொரு வழியில் போனார். வட்டமான ஸ்டுடியோ ஒன்றின் நடுவில் ஆளை நிறுத்தி, சுற்றிலும் 24 கேமராக்களை வைத்து ஒரே நேரத்தில் படமெடுத்தார். 15 பாகைக்கு ஒரு கேமரா. அந்தப் படங்களின் வெளிக்கோடுகளைப் பின்பற்றிக் களிமண்ணில் உருவம் செதுக்கினார்.

இந்த இரண்டு வழிகளும் இன்றுவரை தொடர்கின்றன. கேமரா நிற்க, பொருள் சுழலலாம். பொருள் நிற்க, கேமராக்கள் சூழ்ந்துகொள்ளலாம். 1999-ல் வந்த 'தி மேட்ரிக்ஸ்' படத்தில் துப்பாக்கிக் குண்டுக்கு நாயகன் வளைந்து கொடுக்கும் காட்சி இரண்டாவது வகை. நான் பேச வந்தது முதல் வகையைப் பற்றி. அதில் ஒளி நடந்துகொள்ளும் விதம் அப்படி.

பித்தளைக் கெண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீண்ட மூக்கு, உருண்ட வயிறு, பல வருடம் புழங்கியதில் ஓரிடத்தில் ஒடுங்கல். விளக்கு நிற்கிறது, கேமரா நிற்கிறது, கெண்டி மட்டும் சுழல்கிறது. உருண்ட வயிற்றில் விழும் வெள்ளைக் கீற்று அப்படியே ஒரே இடத்தில் நிற்கும். மூக்கு சுற்றி வரும், கறைகள் சுற்றி வரும், கீற்று அசையாது. ஒடுங்கின இடம் கீற்றுக்கு அடியில் வரும்போது மட்டும் அந்தக் கீற்று நெளிந்து, பிளந்து, மறுபடி நேராகும். எந்தத் தனிப் படத்திலும் அந்த ஒடுங்கல் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. சுழற்சியில்தான் அது கண்ணுக்கு அகப்படுகிறது. கெண்டியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்ப்பவர் காண்பதும் இதைத்தான். த்ரீடி மாடலில் இதைக் கொண்டுவர முடியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் அங்கே ஒடுங்கலை ஒருவர் நினைத்துச் செய்யவேண்டும். இங்கே அது தானாக வந்து சேர்கிறது.

அது கெடாமல் வந்து சேர வேண்டுமானால் படமெடுக்கும்போதே கவனம் வேண்டும். எக்ஸ்போஷர், வொயிட் பேலன்ஸ், ஃபோகஸ் எல்லாவற்றையும் கையால் பூட்டிவிட வேண்டும். கேமராவின் ஆட்டோ முடிவுக்கு விட்டால் மூக்கு முன்னால் வரும்போது ஓர் அளவு, பின்னால் போகும்போது ஓர் அளவு என்று வெளிச்சம் மாறும். ஓடவிட்டால் படம் படபடக்கும். ஜன்னல் வெளிச்சத்தை நம்பக்கூடாது, மேகம் ஒன்று கடந்தால் போதும். லென்ஸ் கொஞ்சம் நீளமாக இருந்து கேமரா தள்ளி நிற்பது நல்லது. கிட்டத்தில் வைத்தால் மூக்கு நம்மை நோக்கித் திரும்பும்போது பூதாகரமாக வீங்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பொருளின் மையமும் தட்டின் மையமும் ஒன்றாக இருக்கவேண்டும். நூலளவு விலகினாலும் கெண்டி சுழல்வதற்குப் பதில் ஆடும். மென்பொருளில் ஒவ்வொரு படத்தையும் நகர்த்தி இதைச் சரிசெய்யலாம்தான், ஆனால் தட்டிலேயே பத்து நிமிடம் செலவழித்தால் கணினியில் ஒரு ராத்திரி மிச்சம்.

இனி மென்பொருள். 10 பாகைக்கு ஒன்று என்று 36 படங்கள் வைத்திருக்கிறோம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் வரிசையாக உள்ளே கொண்டுவந்தால், நாம் மாற்றாதவரை, அது விநாடிக்கு 30 ஃப்ரேம் என்று எடுத்துக்கொள்ளும். கெண்டி 1.2 விநாடியில் ஒரு சுற்று முடித்துப் பம்பரமாகிவிடும். விநாடிக்கு 12 படம் என்று மாற்றினால் ஒரு சுற்றுக்கு 3 விநாடி. பார்க்க உட்கார்ந்த கண்ணுக்கு அது ஏற்ற வேகம். வரிசையில் 360-ஆவது பாகைப் படம் இருக்கக்கூடாது. அது முதல் படமேதான். சேர்த்துவிட்டால் சுற்றுக்கு ஒருமுறை கெண்டி விக்கும். டைம் ரீமேப்பிங் என்ற, ஓடும் நேரத்தை மாற்றும் வசதியைப் போட்டு லூப் செய்பவர்களுக்கு இன்னொரு தொல்லை வரும்: எந்த நேரத்தில் எந்தப் படம் என்று குறிக்கும் கீஃப்ரேம்களில் மென்பொருள் தரும் கடைசியானது, கடைசிப் படத்தைத் தாண்டி ஒரு ஃப்ரேம் தள்ளி விழுகிறது. அந்த இடம் காலி. சுற்றுக்கு ஒருமுறை திரை வெறுமையாக மின்னிப் போகும். ஒரு ஃப்ரேம் முன்னால் புதிய கீஃப்ரேம் வைத்து, கடைசியில் இருப்பதற்கு முதல் படத்தின் மதிப்பைக் கொடுத்தால் சரியாகிவிடும்.

விநாடிக்கு 12 படம் போதாது, தத்தித் தத்திப் போகிறது என்று தோன்றும்போதுதான் ஆசை வருகிறது. இரண்டு படங்களுக்கு நடுவே இல்லாத படங்களைத் தானே கற்பனை செய்து நிரப்பும் வசதி மென்பொருளில் உண்டு. பிக்சல் மோஷன் என்று பெயர். வெறும் வயிற்றுப் பகுதியில் அது நன்றாகவே வேலை செய்யும். மூக்கு வயிற்றின் குறுக்கே கடக்கும் இடத்தில் திணறிப்போகும். எது முன்னால், எது பின்னால் என்று அதற்குத் தெரியாது; மூக்கின் ஓரம் உருகிய மெழுகாக வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். அதைவிடப் பெரிய நஷ்டம் அந்த ஒளிக்கீற்றுக்கு நேர்கிறது. கறைகள் நகர்வதைப் பார்த்து, நிற்கவேண்டிய கீற்றையும் மென்பொருள் கூடவே இழுக்கப் பார்க்கும். ஒடுங்கலில் கீற்று நெளிந்த அந்தச் சிறு நேரம் மங்கிவிடும். எதற்காகப் புகைப்படம் எடுத்தோமோ அதுவே போய்விட்டது.

படங்களின் எண்ணிக்கையைப் பொருளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கெண்டியின் கழுத்தைச் சுற்றி 24 வரிப்பள்ளங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 15 பாகை. நாமோ 10 பாகைக்கு ஒரு படம் எடுக்கிறோம். அடுத்த படத்தில் இன்னும் அருகில் வந்து நிற்கும் பக்கத்துப் பள்ளத்தையே பழைய பள்ளம் என்று கண் எடுத்துக்கொள்ளும். மூக்கு முன்னோக்கிச் சுழல, கழுத்து பின்னோக்கிச் சுழலும். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னால் ஓடுவதும் இதனால்தான். 5 பாகையாக்கி 72 படங்கள் எடுத்தால் இரண்டும் ஒரே திசையில் வரும். விநாடிக்கு 24 படமாக ஓடவிட்டால் அதே 3 விநாடிச் சுற்று, தத்தலும் இல்லை.

வேகத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். விளம்பரக்காரர்கள் கடிகாரத்தின் முகம் வரும்போது சுழற்சியை மெதுவாக்கி, முதுகு வரும்போது விரட்டுவார்கள். விற்பவருக்கு அது நியாயமே. அருங்காட்சியகப் பொருளுக்கும் கைவினைப் பொருளுக்கும் அது பொருந்தாது என்பது என் கருத்து. ஒடுங்கல் முதுகில் இருந்தால் அதையும் சமமாகக் காட்டவேண்டும். 1995-ல் ஆப்பிள் நிறுவனம் க்விக்டைம் விஆர் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் படவரிசை தானாக ஓடாது. பார்ப்பவர் மவுஸால் இழுத்த பக்கம், இழுத்த வேகத்தில் பொருள் திரும்பும். பொருளைப் பார்ப்பவர் கையிலேயே கொடுத்துவிடும் அந்த ஏற்பாட்டை இதுவரை யாரும் மிஞ்சியதாக நான் நினைக்கவில்லை. இன்று கடைகளின் இணையதளங்களில் செருப்பையும் கைப்பையையும் விரலால் சுற்றிப் பார்க்கிறோமே, அந்த வழியில் வந்தவைதான் அவை.