கால் ஆணியை அலட்சியம் செய்யாதீர்கள்

(பண்ணை நிகழ்ச்சியில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



போன தடவை மிளகாய் நாற்றங்காலைப் பற்றிப் பேசினோம். இன்றைக்கு விதை, உரம், பூச்சிமருந்து எதுவும் கிடையாது. உங்கள் காலைப் பற்றித்தான் பேசப் போகிறேன். "விவசாய ஆபீசருக்கு எங்க காலில் என்ன வேலை?" என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்னால் கமுதிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு மண் மாதிரி எடுக்கப் போயிருந்தேன். காட்டுக்காரர் வரப்பில் நொண்டி நொண்டி வந்தார். "என்னண்ணே காலில்?" என்று கேட்டேன். "ஆணி சார். பிளேடு வச்சுச் சீவிட்டேன், சரியாப் போயிரும்" என்றார். நானும் மண்ணைப் பையில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து மண் பரிசோதனை முடிவைக் கொடுக்கப் போனால், மனிதர் கட்டிலில் கிடக்கிறார். சீவிய இடம் சீழ் பிடித்து, ஒரு விரலையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அவருக்குச் சர்க்கரை இருப்பதே ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் தெரிந்ததாம். "மாடு நொண்டினா அன்னைக்கே லாடக்காரரைக் கூப்பிடுறோம். இவரு நொண்டினப்ப யாருக்கும் ஒண்ணும் தோணலையே சார்" என்றார் அவர் வீட்டம்மா. எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார் என்று பட்டது.

ஆணி என்பது என்ன? மண்வெட்டி பிடிக்கிற கையில் காய்ப்பு வருகிறதல்லவா, அதே சங்கதிதான். ஓரிடத்தில் ஓயாமல் அழுத்தமும் உராய்வும் விழுந்தால் தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கிறது. அப்படித் தடித்த தோல் நடுவில் ஆப்பு மாதிரி கூராகி உள்ளே அழுத்தினால் அது ஆணி. அதற்கு வேர் கிடையாது. ஆகவே தோண்டி எடுக்கவும் ஒன்றுமில்லை.

ஆணி போலவே தெரிகிற இன்னொன்று மரு. அது ஒரு வைரஸ் கிருமியால் வருவது. நேராக அழுத்தினால் வலிப்பது பெரும்பாலும் ஆணி. இரண்டு பக்கமும் கிள்ளிப் பிடித்தால் வலித்து, உள்ளே கறுப்புப் புள்ளிகளும் தெரிந்தால் மருவாக இருக்கலாம். முள் முறிந்து உள்ளே தங்கினாலும் இப்படித் தடிக்கும். சந்தேகமிருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

சர்க்கரை இல்லாதவர்கள் வீட்டிலேயே செய்யக்கூடியதைச் சொல்கிறேன். ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் 10 முதல் 15 நிமிடம் காலை ஊறவையுங்கள். பிறகு கால் தேய்க்கிற கல்லால் மெதுவாகத் தேயுங்கள். ஒரே நாளில் முழுவதையும் எடுக்கப் பார்க்காதீர்கள். ஈரத்தைத் துடைத்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். மருந்துக் கடையில் 40 சதவீத சாலிசிலிக் அமிலம் சேர்ந்த ஆணிப் பிளாஸ்திரி கிடைக்கும். அதை ஆணியின் அளவுக்கே வெட்டி ஒட்டுங்கள். நல்ல தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும். இரண்டு நாள் கழித்து எடுத்து, வெளுத்த தோலைத் தேய்த்துவிட்டு மறுபடி ஒட்டலாம். இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம்.

ஆனால் ஒன்று. மடை திறந்திருக்கிற வரை வயலில் தண்ணீர் வற்றாது. அழுத்தம் நிற்காமல் ஆணியும் போகாது. விரலை நெருக்குகிற செருப்பு, தேய்ந்து தகடாகிப்போன செருப்பு இரண்டையும் மாற்றுங்கள். மெத்தென்ற அடிப்பாகமுள்ள செருப்பு வாங்குங்கள். சீமைக்கருவேல முள் கிடக்கிற காட்டில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். முள் குத்தினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, தேவையானால் டி.டி. ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

செய்யக்கூடாததையும் சொல்லிவிடுகிறேன். பிளேடு வேண்டாம். சேராங்கொட்டை வேண்டாம், அது தோலை வேகவைத்துவிடும். பழுக்கக் காய்ச்சிய கம்பியும் வேண்டாம்.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். மேலே சொன்ன கைவைத்தியம் எதுவும் உங்களுக்கு இல்லை, அந்தப் பிளாஸ்திரியும் கூடாது. சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறையும், ரத்த ஓட்டமும் குறையலாம். புண் வந்தது தெரியாது. வந்தால் சீக்கிரம் ஆறாது. நேராக டாக்டரிடம் போங்கள். செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடக்கிறீர்களா? பாதம் மரத்திருக்கிறதா? சர்க்கரை இல்லாவிட்டாலும் அப்படி இருந்தால் உடனே காட்டுங்கள். தொழுநோயிலும் உணர்ச்சி போகும். அதற்கும் நல்ல மருந்து இருக்கிறது.

தினமும் ராத்திரி காலைக் கழுவி, விரல் இடுக்கு, உள்ளங்கால் எல்லாவற்றையும் பாருங்கள். குனிய முடியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். மாட்டுக் குளம்பைப் பார்க்கிற கண், நம் காலையும் பார்க்கட்டும்.

அந்த அண்ணன் இப்போது செருப்புப் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போகிறார். நானும் இப்போதெல்லாம் யாராவது நொண்டினால், மண் மாதிரி எடுப்பதற்கு முன்னால் காலைக் காட்டச் சொல்லிவிடுகிறேன்.