கெய்ரோவில் கிடைத்த மங்களூர் சரித்திரம்

(நமது சங்கத்தின் வருடாந்திரக் குடும்ப சந்திப்பில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

 

மேல்படிப்பு பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் பேச வந்தது இன்ஜினீயரிங் பற்றியோ சி.ஏ. பற்றியோ அல்ல, சரித்திரம் பற்றி. பாங்கில் முப்பத்தைந்து வருஷம் உழைத்த எனக்கும் சரித்திரத்துக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது.

2019-ல் பி.ஏ. முடித்த என் பெண், சரித்திரத்தில் எம்.ஏ. படித்து ஆராய்ச்சியும் செய்யப் போவதாகச் சொன்னாள். பழைய மேற்குக் கடற்கரை வியாபாரம்தான் விஷயம். அதற்காக அரபி கற்க வேண்டுமாம். "மங்களூர்க் கதைக்கு அரபி எதுக்கு?" என்று கேட்டேன். இரண்டு மாதம் வீட்டில் சரியான பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் ஒரு நாள் உட்கார்ந்து விளக்கினாள்.

கடவுள் பெயர் எழுதிய காகிதத்தைக் கண்ட இடத்தில் போடக்கூடாது என்பது யூதர்களின் ஆசாரம். பழைய கெய்ரோவில் உள்ள அவர்களது ஜெபாலயத்தில், கழித்த காகிதங்களைப் பல நூற்றாண்டுகளாக ஓர் அறையில் போட்டு வைத்தார்கள். 1896-ல் அங்கே போன சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர், அவற்றில் பெரும்பகுதியை கேம்பிரிட்ஜுக்குக் கொண்டு வந்தார். அங்கே இருப்பவை மட்டும் 1,90,000 துண்டுகளுக்கு மேல்.

அவற்றில் ஆபிரகாம் பென் யிஜூ என்ற வியாபாரியின் காகிதங்களும் இருந்தன. துனிசியாவில் பிறந்தவர், ஏடன் வழியாக வந்து சுமார் பதினேழு வருஷம் மங்களூர்ப் பக்கம் இருந்தவர். மிளகும் பாக்கும் அனுப்பினார். வெண்கலப் பட்டறை வைத்திருந்தார். இங்கே காகிதம் கிடைக்காததால் ஏடன் நண்பர்களிடமிருந்து வரவழைத்தார். ஆஷு என்ற பெண்ணை அடிமைத்தனத்திலிருந்து விடுவித்து 1132-ல் மங்களூரில் எழுதிய பத்திரமும் இருக்கிறது. அவளே அவருடைய குழந்தைகளின் தாய் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். எஸ்.டி. கோய்டைன் என்ற பேராசிரியர் பல வருஷம் உழைத்து இந்தக் கடிதங்களைத் திரட்டினார்.

இவற்றின் மொழி அரபி, எழுத்து ஹீப்ரு. நம் முன்னோர் சம்ஸ்கிருதத்தைக் கிரந்தத்தில் எழுதினார்களே, அது மாதிரி. மங்களூரில் நடந்தது, காகிதம் கிடைத்தது கெய்ரோவில், இன்று பெரும்பகுதி இருப்பது இங்கிலாந்தில். ஒரு தேசத்தை மட்டும் படித்தால் இந்தக் கதையின் கால்பங்கு கூடக் கையில் வராது. கடல் தாண்டிய சரித்திரத்தில் மேல்படிப்பு என்றால், முதல் சில வருஷங்கள் பாஷைக்கே போய்விடும். சிலருக்குப் பாரசீகம், சிலருக்கு டச்சு. கோவா ஆவணங்களைப் படிக்கப் போர்த்துகீசியம்.

எல்லாம் சொல்லிவிட்டு அவள் ஒன்று கேட்டாள்: "அப்பா, கொள்ளுத்தாத்தா எழுதி வெச்ச நோட்டெல்லாம் எங்கே?"

என் தாத்தா கிரந்தத்தில் எழுதிய நோட்டுகளும், குத்தகைக் கணக்கும், ரங்கூனிலிருந்து அவர் தம்பி போட்ட கடிதங்களும் ஒரு டிரங்குப் பெட்டியில் இருந்தன. 1991-ல் கிராமத்து வீட்டை விற்றபோது, படிக்கத் தெரியாத குப்பை என்று பழைய பேப்பர்க்காரரிடம் எடை போட்டுக் கொடுத்தேன். பதினோரு கிலோ. அவளிடம் அதைச் சொல்ல நா எழவில்லை. சொன்னேன். அவள் கோபித்துக் கொண்டிருந்தால் கூடத் தேவலை. ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டாள். மறுநாள் அட்மிஷன் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது ஆராய்ச்சி செய்கிறாள். யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தது. அந்த உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். ஐ.டி. சம்பளத்துக்கு ஈடாகாது; வேலை கிடைப்பதும் சுலபமில்லை. இதை மறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் உங்கள் வீட்டுக் குழந்தை இந்தப் படிப்பைக் கேட்டால், நான் கேட்ட கேள்வியைக் கேட்டு இரண்டு மாதத்தை வீணாக்காதீர்கள்.

இன்னொரு வேண்டுகோள். பரணில் பழைய நோட்டு, கணக்கு, கடிதம் இருந்தால், படிக்கத் தெரியாவிட்டாலும் தூக்கிப் போடாதீர்கள். ஈரம் படாத இடத்தில் வைத்து, யாருடையது, எந்த ஊர் என்று ஒரு சீட்டு எழுதிப் போடுங்கள்.