தவறிய பிள்ளையும் ஆசிரியரும்



தாம்பரத்தில் ரயிலேறி, வண்டலூர், கூடுவாஞ்சேரி வழியாகத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால் செங்கற்பட்டு வரும். சட்டத்தின் பிடியில் சிக்கிய சிறுவர்களை வைத்துக் காப்பதற்கென அரசினர் இல்லம் ஒன்று அங்கே உண்டு. 2022 டிசம்பர் இறுதியில் தாம்பரத்துச் சிறுவன் ஒருவன் அங்கு அனுப்பப்பட்டான். வயது 17. பாட்டரி திருடினான் என்பது அவன்மேல் சாட்டப்பட்ட குற்றம். டிசம்பர் 31 அன்று அவன் இறந்துபோனான். உடலில் காயங்கள் காணப்பட்டன. அவனை அடித்ததாக இல்லத்தின் ஊழியர் அறுவர் 2023 ஜனவரியில் கைது செய்யப்பட்டனர்.

அடிப்பதற்காகவா சட்டம் அவனை அங்கே அனுப்பிற்று? அன்று. நம் சென்னை மாகாணம் 1920-ஆம் ஆண்டிலேயே குழந்தைகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. தவறிய சிறுவனைத் திருத்தி வளர்க்க வேண்டும் என்பதே அதன் உட்கருத்து. இன்று நடைமுறையிலுள்ள 2015-ஆம் ஆண்டுச் சட்டம், அவனைப் பழிக்கும் சொல்லால் அழைப்பதையும் விலக்குகிறது. உணவு, உடையோடு கல்வி, தொழிற்பயிற்சி, விளையாட்டு, மனநல உதவி ஆகியவற்றையும் இல்லம் அவனுக்கு அளித்தல் வேண்டும் என்கிறது.

ஆனால், சட்டம் தானே எழுந்து வந்து பாடம் சொல்லாது. அதற்கு ஆசிரியர் வேண்டும். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவனுக்குப் பதினேழு வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்க நேர்வது பெரும் நாணம். அந்நாணமே பல வேளைகளில் முரட்டுத்தனமாக வெளிப்படுகிறது. நல்ல ஆசிரியர் அம்முரட்டுத்தனத்தோடு மல்லுக்கு நிற்பதில்லை. அவன் விட்ட எழுத்திலிருந்தே தொடங்குகிறார். பெயர் சொல்லி அழைக்கிறார். நாளை வருகிறேன் என்றால் வருகிறார். சொன்ன சொல்லைக் காக்கும் பெரியவரை அவன் காண்பது ஒருவேளை அதுவே முதன்முறையாக இருக்கும்!

அச்சிறுவனின் மரணத்திற்குப் பின், இத்தகைய இல்லங்களைச் சீர்திருத்த வழி கூறுமாறு நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒருநபர்க் குழு அமைத்தது. குழுக்கள் வழிகாட்டலாம்; அவ்வழியில் நாள்தோறும் நடக்க வேண்டியவர்கள் இல்லத்தில் பணியாற்றுவோரே. கையில் தடியோடு நிற்பவர் காவலராகலாம், ஆசிரியராக மாட்டார்.

மாணவர்களாகிய உங்களுக்கும் இதில் பங்குண்டு. செங்கற்பட்டுக்குச் செல்லும் பாதை பெரும்பாலும் வகுப்பறையில் வெறுமையாகக் கிடக்கும் ஓர் இடத்தில்தான் தொடங்குகிறது. உங்கள் பக்கத்து இருக்கைக்காரன் பத்து நாளாக வரவில்லையெனில், அவன் எங்கே என்று கேளுங்கள், ஆசிரியரிடம் சொல்லுங்கள். தேடி வர ஒருவர் இருக்கிறார் என்று அறிந்த பிள்ளை எளிதில் தொலைந்துபோவதில்லை.